பாயசக் கடனும் இருபது இலக்க எண்ணும்



நம் சங்க மலரில் கோயில் வரலாறு வருகிறது, சமையல் குறிப்பு வருகிறது, குழந்தைகளின் படங்கள் வருகின்றன. கணக்கு மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. "நீங்கள் ரயில்வேயில் இஞ்சினியராக இருந்தவர்தானே, ஏதாவது எழுதுங்களேன்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். நான் கணிதப் பேராசிரியன் அல்லன். சிவில் டிப்ளமா படித்துவிட்டுத் தண்டவாளம், ஜல்லி, பாலம் என்று முப்பத்தாறு ஆண்டுகள் ஓட்டியவன். இருந்தாலும் சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி என்னை விடவில்லை. அதற்குக் கிடைத்த பதிலையும், அந்தப் பதில் பழைய தவறு ஒன்றை எனக்கு நினைவூட்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

கோயிலில் பிறந்த கேள்வி

இடக்கொச்சியில் இருக்கும் நமக்கு அம்பலப்புழை தூரமில்லை. அரூர்ப் பாலம் கடந்து தெற்கே போனால் சேர்த்தலை, ஆலப்புழை, அடுத்து அம்பலப்புழை. கரையோர ரயில் பாதை 1989-இல் ஆலப்புழை வரையும், 1992-இல் காயங்குளம் வரையும் வந்த பிறகு பயணம் இன்னும் எளிது. பேத்தியை அழைத்துக்கொண்டு கிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போய்ப் பால் பாயசம் வாங்கிச் சாப்பிட்டோம். அதன் கதையை அவளுக்குச் சொன்னேன்.

செம்பகச்சேரி அரசருக்குச் சதுரங்கத்தில் தம்மை மிஞ்சியவர் இல்லை என்று பெருமை. ஒரு நாள் முதியவர் ஒருவர் ஆட வந்தார். பந்தயமாக அவர் கேட்டது அரிசி. முதல் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக 64 கட்டமும் நிரப்ப வேண்டும். இவ்வளவுதானா என்று சிரித்த அரசர் தோற்றார். அரிசி வைக்க ஆரம்பித்த பிறகுதான் களஞ்சியம் போதாது என்று புரிந்தது. முதியவர் கண்ணனாகக் காட்சி தந்து, கடனை ஒரேயடியாகத் தீர்க்க வேண்டாம், வருகிற பக்தர்களுக்குப் பாயசமாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தால் போதும் என்றாராம். கோயில் பாயசத்துக்கு ஊரார் சொல்லும் கதை இது.

இதே கணக்கு வேறு நாடுகளிலும் வழங்கியிருக்கிறது. கி.பி. 1000 வாக்கிலேயே அறிஞர் அல்-பிரூனி இந்த அரிசிக் கூட்டலைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான், இந்திய மன்னர் ஒருவருக்குச் சதுரங்கத்தை அமைத்துக் கொடுத்த சிஸ்ஸா என்பவர் இந்தப் பரிசைக் கேட்டதாகக் கதையை எழுதி வைத்தார்.

பாயசத்தை நக்கிக்கொண்டே பேத்தி கேட்டாள்: "தாத்தா, மொத்தம் எத்தனை அரிசி? இன்னும் எவ்வளவு பாக்கி?"

எண்ணைக் கண்டுபிடிப்போம்

கைபேசிக் கால்குலேட்டரில் போட்டால் புள்ளியும் ஆங்கில எழுத்துமாக ஏதோ காட்டிவிட்டு நின்றுவிட்டது. அதற்கு இடம் போதவில்லை. நாங்கள் தாளை எடுத்தோம்.

முதலில் ஒரு சிறு உண்மையைக் கவனியுங்கள். 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. அடுத்த கட்டம் 8. 1, 2, 4, 8 நான்கையும் கூட்டினால் 15. அடுத்த கட்டம் 16. அதாவது எந்தக் கட்டத்தில் நின்று கூட்டினாலும், மொத்தம் அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு. ஆகவே 64 கட்டங்களையும் கூட்ட வேண்டியதில்லை. இல்லாத 65-ஆவது கட்டத்தில் எத்தனை வரும் என்று பார்த்து ஒன்றைக் கழித்தால் போதும். அந்த எண், இரண்டை 64 முறை எழுதிப் பெருக்கினால் வருவது.

64 பெருக்கலா என்று பயப்பட வேண்டாம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யாப்பிலக்கணம் எழுதிய பிங்கலர், குறில் நெடில் அசைகளால் எத்தனை வகை அடி அமைக்கலாம் என்று எண்ணுவதற்கு இதற்கான குறுக்குவழியைச் சொல்லியிருக்கிறார். இரட்டிப்பதோடு வர்க்கமும் எடுத்துக்கொண்டே போவது அந்த வழி. நமக்கு 64 என்பதால் வர்க்கம் மட்டுமே போதும்.

இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,29,49,67,296. இன்னும் ஒரே ஒரு வர்க்கம், ஆறாவது வர்க்கம், எடுத்தால் முடிந்தது.

இந்தக் கடைசிப் பெருக்கலை 42949 என்றும் 67296 என்றும் இரண்டு துண்டாக்கி, பள்ளியில் படித்த (அ + ஆ) வர்க்கச் சூத்திரத்தைப் போட்டுச் செய்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றைக் கழித்தபின் வந்த விடை:

1,84,46,74,40,73,70,95,51,615

இருபது இலக்கம். வாயால் சொல்ல வேண்டுமானால், 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடியே, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடியே, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615.

எவ்வளவு அரிசி?

எண்ணைப் பார்த்தால் பேத்திக்குப் பிரமிப்பு வரவில்லை. வெறும் இலக்கங்கள்தானே. எனக்குத் தெரிந்த ரயில் பாஷையில் சொல்லிப் பார்த்தேன்.

500 பச்சரிசி மணிகளை எண்ணி, பொன் நிறுக்கும் தராசில் வைத்தால் ஏறக்குறைய 10 கிராம். அரிசிக்கு அரிசி கொஞ்சம் மாறும். நம் கணக்குக்குக் கிராமுக்கு 50 மணி என்று வைத்துக்கொள்வோம். பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டத்தில் 255 மணி. ஒரு தேக்கரண்டி. இரண்டாம் வரிசை முடியும்போது மொத்தம் 1 கிலோ 300 கிராம். அரசர் இதுவரை சிரித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாம் வரிசை முடிவில் 335 கிலோ, ஏழு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடிந்தால் 86 டன். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மொத்த வியாபாரி ஒருவர் மனசு வைத்தால் கொடுத்துவிடலாம்.

ஐந்தாம் வரிசை முடிவில் சுமார் 22,000 டன். 42 வேகன் கோத்த ஒரு முழுச் சரக்கு ரயில் ஏறக்குறைய 2,600 டன் தானியம் ஏற்றும். எட்டு ரயில் போய் ஒன்பதாவது பாதி நிரம்பும். ஆறாம் வரிசையில் 56 லட்சம் டன், ஏழாம் வரிசையில் 144 கோடி டன். எட்டாம் வரிசை முடிந்தால் 36,893 கோடி டன்!

இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று அதிகம். அப்படியே எழுநூறு ஆண்டு விளைச்சலை ஒரு மணி கூடச் சாப்பிடாமல் சேர்க்க வேண்டும். அதை ஏற்ற 14 கோடிக்கு மேற்பட்ட ரயில்கள் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வீதம் இரவு பகலாக விட்டாலும் கடைசி ரயில் புறப்பட 1,350 ஆண்டுகள் ஆகும். "அதனால்தான் தாத்தா, பாயசம் இன்னும் தருகிறார்கள்" என்றாள் பேத்தி. கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது.

எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது?

பெரிய எண் என்பதற்காக மட்டும் இதைப் புகழவில்லை. இதன் உள்ளமைப்பு அழகானது.

கடைசி இலக்கம் 5. இது தற்செயல் அல்ல. 16, 256, 65,536 எல்லாம் 6-இல் முடிகின்றன. ஆறை ஆறால் பெருக்கினால் 36 என்பதால் வர்க்கம் எடுக்க எடுக்க 6 போகாது. அதில் ஒன்று குறைத்தால் 5. ஆகவே எண் ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 87 வரும். அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எண்ணும் அப்படியே. ஏழு பேருக்குப் பங்கு வைத்தால் ஒரு மணி மிச்சமாகும். குழந்தைகள் தாளில் வகுத்துச் சரிபார்க்கலாம்.

பள்ளியில் படித்த இன்னொரு சூத்திரம்: ஒரு வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அது இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரியும், ஒன்று மூலத்தைவிட 1 அதிகம், மற்றது 1 குறைவு. நம் எண் 4,29,49,67,296-இன் வர்க்கத்தில் 1 குறைவு. ஆகவே 4,29,49,67,297 ஒரு காரணி, 4,29,49,67,295 மற்றொன்று. இந்த இரண்டாவதும் 65,536-இன் வர்க்கத்தில் 1 குறைவுதான், அதுவும் பிரியும். வெங்காயம் உரிப்பது போல உரித்துக்கொண்டே வந்தால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்கள்.

இந்த ஆறின் பின்னே ஒரு கதை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா இவற்றைப் பார்த்தார். 3 பகா எண். 5 பகா எண். 17, 257, 65,537 எல்லாம் பகா எண்கள். இதே வழியில் வரும் எண்கள் எத்தனை பெரியவை ஆனாலும் பகா எண்களாகவே இருக்கும் என்று நம்பினார். ஐந்து முறை சரியாக வந்ததே! சாமானியர் அல்லர், மாபெரும் கணித மேதை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார்:

641 × 67,00,417 = 4,29,49,67,297

இதையும் தாளில் பெருக்கிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு இந்த வழியில் இன்னொரு பகா எண்ணை இன்றுவரை யாரும் காணவில்லை. ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறைக்கு உத்தரவாதம் இல்லை. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, அரிசி எண்ணின் பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. ஏழு வெவ்வேறு காரணிகள் என்பதால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. அது 64-இன் இரட்டிப்பு என்பது வேடிக்கையான ஒற்றுமை.

இந்த எண் வேறு இடங்களிலும் தலைகாட்டும். 1883-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் ஒரு வளைய விளையாட்டைச் செய்து, காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வளையங்களை ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அது முடியும்போது உலகம் முடியும் என்று ஒரு கற்பனைக் கதையும் கட்டினார். அதற்கு வேண்டிய குறைந்தபட்ச நகர்த்தல்களும் இதே எண்தான். வினாடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான்.

உங்கள் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் '64 பிட்' என்கிறார்களே, அது 64 கட்டமுள்ள பலகை போலத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1. எல்லாக் கட்டத்திலும் 1 போட்டால் அது ஒரே மூச்சில் வைத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய முழு எண் வரும். நம் பாயச எண் அது.

நான் மறந்த பாடம்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முன்னே சொன்ன அந்தச் சிறு உண்மையைத் திருப்பிப் பாருங்கள்: கடைசிக் கட்டம், அதற்கு முன் உள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். மொத்த அரிசியில் பாதிக்கும் மேல் கடைசி ஒரே கட்டத்தில் இருக்கிறது. கடைசி இரண்டு கட்டத்தில் முக்கால் பங்கு.

2009 வாக்கில் நான் வேலையில் இருந்தபோது உடன் பணியாற்றிய ஒருவர் ஒரு திட்டத்தோடு வந்தார். 6,000 ரூபாய் கட்டிச் சேர வேண்டும். நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள். கீழே சேரும் ஒவ்வொருவருக்கும் நமக்கு 1,000 ரூபாய். "ஆறு பேர் சேர்ந்தால் முதல் வந்துவிடும் சார், அப்புறம் எல்லாம் லாபம்தான்" என்றார். தமக்கு வந்த காசோலையையும் காட்டினார். தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குப் பணம் வந்திருந்தது. ஃபெர்மாவைப் போல ஐந்தைப் பார்த்து நம்பிவிட்டேன். டிப்ளமாவில் கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவன், ஒரு தாள் எடுத்து ஐந்து நிமிடம் கணக்குப் போடவில்லை.

நான் சேர்த்த இரண்டு பேரில் ஒருவர் என் மைத்துனர். இன்னொருவர் பள்ளுருத்தியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த நம் ஊர்க்காரர். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏழெட்டு மாதத்தில் அலுவலகம் பூட்டியாயிற்று. எனக்கு மூன்று பேர் கணக்கில் 3,000 வந்தது, 3,000 போயிற்று. மைத்துனர், "விடுங்க அத்தான், படிச்ச பாடம்னு வெச்சுக்குவோம்" என்றார். இஸ்திரிக்காரருக்கு ஒரு பைசா வரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கடையைத் தாண்டிப் போகத்தான் என்னால் முடியவில்லை. மாதம் 1,000 வீதம் ஆறு மாதத்தில் அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

பேத்தியோடு கணக்குப் போட்ட அன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஏமாற்றியவர் ஓடிப்போனதால் மட்டும் அந்தத் திட்டம் கவிழவில்லை. அரிச்சந்திரனே நடத்தியிருந்தாலும் கவிழ்ந்திருக்கும். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை இரட்டிப்பு. முதல் போட்டதைத் திரும்ப எடுக்க ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு வரிசை, அதாவது 2 + 4 = 6 பேர் வேண்டும். சங்கிலி எந்த நாளில் நின்றாலும் கடைசி இரண்டு வரிசைக்காரர்களுக்கு அது கிடைத்திருக்காது. அந்த இரண்டு வரிசையில்தான் மொத்த ஆட்களில் முக்கால் பங்கு இருக்கிறார்கள். நான்கு பேரில் மூன்று பேர் இழந்தே தீர வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

சங்கிலி நிற்காமல் போகுமே என்பார்கள். 25 வரிசை நிறைந்தால் 3,35,54,431 பேர். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் மக்கள்தொகை 3,34,06,061. தொட்டில் குழந்தை உட்பட எல்லோரும் சேர்ந்தாலும் 25-ஆவது வரிசை நிறையாது. 33 வரிசைக்கு 858 கோடி பேர் வேண்டும். உலகத்திலேயே அத்தனை பேர் இல்லை. அரசர் களஞ்சியத்துக்கு நேர்ந்தது அப்படியே இங்கும் நேரும்.

ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பணச் சுழற்சித் திட்டங்களை நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. நாம் பழகிய சீட்டு, இங்கே குறி என்றும் சிட்டி என்றும் சொல்வது, வேறு வகை. அதில் ஆட்களின் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகிவிடும். இருபது பேர் என்றால் இருபது பேர்தான். அதற்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் கட்டுப்பாடும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது ஒரு இளைஞர், கைபேசியில் ஒரு திட்டத்தைக் காட்டி, "அங்கிள், ரெண்டு பேரைச் சேர்த்தால் போதும்" என்றார். முகம்தான் புதிது, கணக்கு பழையது. ஊரை விட்டு வந்திருக்கும் நாம் ஒருவரை ஒருவர் நம்பித்தான் வாழ்கிறோம். வீடு பார்க்க, பள்ளியில் சேர்க்க, ஆபத்துக்கு ஓட நமக்கு நம்மவர்தான். அந்த நம்பிக்கைதான் இந்தச் சங்கிலிகளுக்கு முதலீடு. வெளியாள் கேட்டால் மறுப்போம். நம் ஊர்க்காரர் கேட்டால் மறுக்க மாட்டோம்.

அடுத்த முறை யாராவது இரண்டு பேரைச் சேர்க்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். ஒரு சதுரங்கப் பலகையும் ஒரு பிடி அரிசியும் எடுத்து, அவரையே முதல் இரண்டு வரிசைக்கு அரிசி வைக்கச் சொல்லுங்கள். பதினோராம் கட்டத்துக்கு 1,024 மணி எண்ண வேண்டும். அங்கே அவர் கை நின்றுவிடும். பிறகு உட்கார்ந்து பேசலாம்.

அரிசியை வீணாக்க வேண்டாம். பாயசம் வையுங்கள்.